திரைக்குப் பின்னால் ஒரு பென்சில்

கட்சி அலுவலகத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டால் அந்த ஊரில் யாராக இருந்தாலும் முதலில் தன் தப்பைத்தான் தேடுவார்கள். கிளாஃபிராவுக்கும் ஆள் வந்தது. தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வெள்ளை அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். கையை மூன்று தடவை கழுவினாள். என்ன தப்புச் செய்தோம், என்ன தப்புச் செய்தோம் என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டே போனாள். ஒன்றே ஒன்றுதான் ஞாபகம் வந்தது. அந்த நோட்டு.

நோட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிரிஸ்தான்ஸ்க் ரஷ்யாவில் வோல்கா நதிக்கரையில் இருக்கிற சின்ன ஊர். தோல் பதனிடும் ஆலை ஆற்றின் மேல்பக்கம். ஊருக்குக் குடிதண்ணீர் எடுக்கிற குழாய் அதற்குக் கீழ்ப்பக்கம். எந்த மகராசன் எந்த நேரத்தில் அப்படி வரைந்து கொடுத்தானோ, ஆலை கழித்து விடுகிறதை எல்லாம் ஊர் குடித்துக்கொண்டிருந்தது. தண்ணீரைச் சோதித்து தினமும் படிவத்தில் எழுதுவது கிளாஃபிராவின் வேலை. படிவத்தில் என்ன எண் வரவேண்டும் என்பது மேலேயிருந்து முன்கூட்டியே வந்துவிடும். அதை அவள் மையால் எழுதிக் கையெழுத்துப் போடுவாள். சோதனையில் உண்மையாக வந்த எண்ணை ஒரு பள்ளிக்கூட நோட்டில் பென்சிலால் எழுதி, வீட்டில் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தாள். ஒன்பது வருஷமாக. எதற்கு என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. எங்கேயாவது ஓரிடத்தில் உண்மை இருக்கட்டும் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அவள் புருஷன் யெவ்சேய் தினம் சாயங்காலம் தேநீர்க் கெண்டியில் தண்ணீர் பிடிக்கும்போது கேட்பான்: "இன்னிக்கு என்ன குடிக்கிறோம்? மையா, பென்சிலா?"

"மையைக் குடி. பென்சில் உனக்குத் தாங்காது" என்பாள். இருவரும் சிரிப்பார்கள். கீழ்த்தெரு மழலையர் பள்ளியில் குழந்தைகள் விரலிடுக்கெல்லாம் வெடித்து, ஜூன் மாத வெயிலில் களிம்பு தடவிக் கையுறை மாட்டிக்கொண்டு திரிந்தன. அதைப் பார்க்கிற அன்று மட்டும் சிரிக்கமாட்டார்கள்.

ஆனால் கட்சி அலுவலகத்தில் மாவட்டச் செயலாளர் ரியாபினின், அவளுடைய நோட்டைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க, உக்காருங்க கிளாஃபிரா திமோஃபேயெவ்னா. ஏன் நின்னுக்கிட்டே இருக்கீங்க? டீ எடுத்துக்கங்க. பிஸ்கட் கொஞ்சம் கடினமா இருக்கும், நனைச்சுச் சாப்பிடுங்க. அடுத்த மாசம் இருபத்தொண்ணாம் தேதி நகரசபைத் தேர்தல், தெரியுமில்ல?"

"தெரியும் தோழர். காலைல எட்டு மணிக்கே வந்துடுவோம்."

"அதில்ல. இந்தத் தடவை நம்ம வார்டுல ஒரு இடத்துக்கு ரெண்டு பேரு. பரீட்சார்த்தமா. ஒண்ணு தோல் ஆலை டைரக்டர் ஜ்மாகின். இன்னொண்ணு நீங்க."

பிஸ்கட் டீக்குள் விழுந்தது.

"நானா? எதுக்கு?"

"எதுக்கா? ஜனநாயகம்! மாஸ்கோவுலேருந்து உத்தரவு வந்திருக்கு."

கிளாஃபிரா கரண்டியால் பிஸ்கட்டைத் தேடினாள். நாற்பத்தாறு வயதில் இப்படி ஒரு வார்த்தையை அந்த அறையில் கேட்போம் என்று அவள் நினைத்ததில்லை. ஒரு வருஷமாகப் பத்திரிகைகளில் புதுசு புதுசாக எழுதுகிறார்கள்தான். ஒளிவுமறைவு கூடாது, பேசுங்கள், விமரிசியுங்கள் என்கிறார்கள்தான். அது மாஸ்கோவுக்கு என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"ஒண்ணு கேக்கலாமா? நான் ஜெயிச்சுட்டா?"

ரியாபினின் சிரித்தார். நல்ல மனுஷர்தான், சிரித்தால் கன்னத்தில் குழி விழும். "ஜெயிச்சா ஜெயிச்சதுதான். இப்ப அப்படித்தான்."

"அப்ப குடிதண்ணிக் குழாயை ஆலைக்கு மேல்பக்கம் மாத்தணும்னு நான் சொல்லலாமா?"

அவர் ஜன்னல் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "சொல்லுங்களேன். தைரியமாச் சொல்லுங்க. அதுக்குத்தானே உங்களைப் போடறது. ஆங், இன்னொண்ணு. ரெண்டு நாட்டுக்கும் சமாதானம்னு ஆத்துல சுத்தற அமைதிக் கப்பல் அன்னிக்கு இங்க நிக்கும். அமெரிக்காக்காரங்க எண்பது பேரு வர்றாங்க. நல்ல கவுன் ஒண்ணு இருக்குதில்ல?"

வீட்டில் யெவ்சேய் மீன் செதில் உரித்துக்கொண்டிருந்தான். கேட்டுவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தான். அவனுக்கும் தெருவுக்கும் அவள் கிளாஷா.

"கடைக் கண்ணாடிக்குப் பின்னாடி பிளாஸ்டர்ல சாசேஜ் பண்ணி வச்சிருப்பான் பாரு, பெயிண்ட் அடிச்சு? உள்ள போய்க் கேட்டா இல்லம்பான். அந்த சாசேஜ் நீதான் கிளாஷா. அமெரிக்காக்காரன் கண்ணாடி வழியாப் பாத்துட்டுப் போயிடுவான்."

"நீ எப்பவும் இப்படித்தான். ஒரு நல்லது நடக்கவிடுவியா? குழாயைப் பத்திப் பேசலாம்னுட்டாரு."

"பேசலாம். எனக்கும் பேசலாம்னுதான் சொன்னாங்க."

அந்தக் கதை அவளுக்கு மனப்பாடம். அறுபதுகளின் தொடக்கம். அப்போதும் இப்படித்தான் ஒரு புதுக் காலம் வந்திருந்தது. பனி உருகிவிட்டது என்றார்கள். யெவ்சேய்க்கு இருபத்தைந்து வயது, வோல்காவில் ஓடுகிற பெரிய பயணிகள் கப்பலில் எஞ்சின் மெக்கானிக். கூட்டம் போட்டு, மனதில் உள்ளதை ஒளிக்காமல் பேசுங்கள் தோழர்களே என்றார்கள். இவன் எழுந்து, எஞ்சினுக்கு வருகிற டீசலை மேலே உள்ளவர்கள் விற்கிறார்கள் என்றான். கைதட்டினார்கள். அடுத்த மாதம் இவனை ஊர்த் தோணித்துறைக்கு மாற்றினார்கள். ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு லாரியும் மாடும் ஏற்றிப் போகிற இரும்புத் தெப்பம்.

"நான் பேசினது நாலு நிமிஷம்" என்றான். "இருபத்து நாலு வருஷமா இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போய்ட்டு வந்துட்டிருக்கேன். ஆறு கடல்ல சேர்ற அஸ்த்ரகான் வரைக்கும் போன ஆளு நான்."

"அது அப்ப."

"ஆமாமா. அது அப்ப. இது இப்ப. நடுவுல இருக்கிறதுதான் நாம."

மாற்றிய வருஷத்திலிருந்து அவன் ஓட்டுச் சாவடிப் பக்கம் போனதில்லை. போகாமல் இருந்தால் சும்மா விடுவார்களா? மாட்டார்கள். ஆனால் அதற்கும் ஒரு வழி இருந்தது, ஊரில் பாதிப் பேர் செய்கிற வழிதான். கிளாஃபிரா போவாள். மேசையில் உட்கார்ந்திருக்கும் பள்ளிக்கூட நூலகர் ஃபைனா இவளைப் பார்த்ததும் இரண்டு சீட்டாகக் கொடுப்பாள். ஒன்று இவளுக்கு, ஒன்று புருஷனுக்கு. இரண்டையும் மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு, அன்றைக்கு மட்டும் சாவடியில் விற்கிற ஆரஞ்சுப்பழத்துக்கு வரிசையில் நிற்க ஓடுவாள். ஃபைனாவுக்கு எல்லாப் பெயருக்கு நேரேயும் குறி விழுந்தாகவேண்டும். நூற்றுக்கு நூறு. யார் கை போட்டது என்று யாரும் பார்ப்பதில்லை.

அந்த ஊர்ச் சீட்டில் வேண்டிய பெயருக்குக் குறி போடுவது கிடையாது, வேண்டாத பெயரை அடிப்பதுதான். இத்தனை காலமும் சீட்டில் இருந்தது ஒரே பெயர். அதை அடிக்கவா முடியும்? வாங்கு, மடி, போடு. அறையின் மூலையில் திரை கட்டி ஒரு மறைப்பு இருக்கும், உள்ளே மேசையில் நூல் கட்டிய பென்சில் ஒன்று. சட்டத்தில் இருக்கிறதே, வைக்காமல் முடியுமா? ஆனால் திரைக்குள் ஒருத்தன் போனால் அடிக்கத்தான் போகிறான் என்று அர்த்தம். போனவன் பெயருக்குப் பக்கத்தில் ஃபைனா ஒரு சின்னப் புள்ளி வைப்பாள். அந்தப் புள்ளி எங்கே போகும், என்ன செய்யும் என்று யாரும் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

இப்போது சீட்டில் இரண்டு பெயர். ஒன்றை அடித்தே தீரவேண்டும். ஆக, எல்லோரும் திரைக்குள் போயே தீரவேண்டும். மூன்று வாரம் கிளாஃபிரா வீடு வீடாக ஏறி இறங்கிச் சொன்னாள். குழாயைப் பற்றிச் சொல்லிவிட்டு இதைச் சொன்னாள்.

"மடிச்சுப் போட்டுடாதீங்க. உள்ள போங்க. பென்சில் இருக்கும். ஒரு பேரை அடிங்க. என்னைப் பிடிக்கலைன்னா என் பேரையே அடிங்க, பரவாயில்ல. ஆனா உள்ள போங்க."

"போறோம் கிளாஷா, ஏன் போகாம?" என்றார்கள். கீழ்த்தெருவில் ஒருத்தி, கையுறை போட்ட பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கதவை லேசாகச் சாத்திக்கொண்டு கேட்டாள்: "உள்ள போனா ஃபைனா பாப்பாளே?"

"பாக்கட்டுமே! எல்லாரும் போனா யாரைன்னு பாப்பா?"

"அதுசரி. அமெரிக்காக்காரன் சாயங்காலம் கப்பலேறிப் போயிடுவான். ஃபைனா இங்கதானே இருப்பா."

கிளாஃபிராவுக்குக் கோபம் வந்தது. இந்த ஜனங்களுக்கு யார் என்ன செய்ய முடியும் என்றுகூடத் தோன்றிவிட்டது. பிற்பாடு அதை நினைத்து நினைத்துக் கூசினாள்.

தேர்தல் நாள் ஞாயிற்றுக்கிழமை. நல்ல வெயில். யெவ்சேய் காலையில் பனியனோடு உட்கார்ந்து ரேடியோவைக் கழற்றிப் போட்டிருந்தான்.

"வரமாட்டியா?" என்றாள். "எனக்காகக்கூட?"

"சாசேஜுக்கு ஓட்டுப் போட்டா அது இறைச்சியாயிடுமா?"

அவள் நீலக் கவுனைப் போட்டுக்கொண்டாள். சர்க்கரை டப்பாவைத் தூக்கி நோட்டை எடுத்துக் கைப்பையில் வைத்தாள். ஜெயித்தால் அங்கேயே, எல்லார் எதிரிலும், மேசைமேல் வைத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

பள்ளிக்கூடத்து வாசலில் பேண்டு வாத்தியம். உள்ளே சிவப்புத் துணி, பூந்தொட்டி, மாடத்தில் தலைவர் படம். சிற்றுண்டி மேசையில் ஆரஞ்சு, புகைபோட்ட சாசேஜ் (நிஜமானது), சாக்லேட். வரிசை வாசல் வரைக்கும் நின்றது. அந்த வரிசை அப்படியே வளைந்து மூலையில் இருந்த திரையை ஒட்டிப் போனது. யாராவது வேண்டுமென்று அப்படி நிறுத்தினார்களா, தானாக நின்றதா தெரியாது. திரைக்குள் போகவேண்டுமென்றால் ஐம்பது பேரை விலக்கிக்கொண்டு, அவர்கள் பார்க்கப் போகவேண்டும்.

அமெரிக்கர்கள் நடுவில் நின்றார்கள், வெள்ளைக் காலணி போட்டுக்கொண்டு. மிஸஸ் ஹாலிஸ்டர் என்று ஒரு அம்மா, பத்திரிகைக்காரி, கழுத்தில் கேமரா. பக்கத்தில் மாஸ்கோவிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளப் பெண் இன்னா. கிளாஃபிரா நுழைந்ததும் ரியாபினின் இரண்டு கையையும் விரித்தார்.

"இதோ! எங்க வேட்பாளர்! சாதாரணத் தொழிலாளி! வழி விடுங்க தோழர்களே!"

பேண்டு ஓங்கியது. கூட்டம் விலகியது. ஃபைனா நிமிர்ந்து பார்த்தாள், வழக்கம்போலச் சிரித்தாள், வழக்கம்போல இரண்டு சீட்டை நீட்டினாள். மிஸஸ் ஹாலிஸ்டர் கேமராவைத் தூக்கினாள். மேசையிலிருந்து பெட்டி வரைக்கும் இரண்டு பக்கமும் பூந்தொட்டி வைத்து நேராக ஒரு பாதை. கிளாஃபிரா நடந்தாள். முகம் சிரித்துக்கொண்டிருந்தது. கை தானாக மடித்தது. பெட்டியின் வாயில் இரண்டு சீட்டும் சரசரவென்று உள்ளே போன சத்தம் கேட்டது.

அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது.

கேமரா கிளிக்கென்றது. எல்லோரும் கைதட்டினார்கள். அவள் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்று வாரம். நூற்றுப் பன்னிரண்டு வீடு. உள்ள போங்க, அடிங்க, உள்ள போங்க. இருபத்தைந்து வருஷம் மடித்த கை மடித்துவிட்டது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள். வேட்பாளரே போட்டுவிட்டாள், அப்படியானால் அப்படித்தான் போடவேண்டும் போலிருக்கிறது. ஒவ்வொருவராக வந்து, வாங்கி, மடித்து, போட்டார்கள். முகத்தில் என்ன நிம்மதி! வேகம் வேகமாகப் போட்டுவிட்டு சாசேஜ் வரிசைக்குப் போனார்கள். திரைக்குள் போனவர்களும் உண்டு. கீழ்த்தெரு கையுறைப் பிள்ளையின் அம்மா போனாள், உதட்டைக் கடித்துக்கொண்டு, கிளாஃபிராவைப் பார்க்காமல். ஃபைனா புள்ளி வைத்தாள்.

பதினோரு மணிக்கு யெவ்சேய் வந்தான்.

முதலில் அவளுக்கு அடையாளமே தெரியவில்லை. மழித்து, கல்யாணத்துக்குத் தைத்த பழுப்புக் கோட்டு போட்டு, பொத்தான் வயிற்றில் பிடிக்கமாட்டாமல் வந்து நின்றான். அவள் காதருகே குனிந்து சொன்னான்: "ஒரு தடவை. உனக்காக. அவனுங்களுக்காக இல்ல." நேராக ஃபைனாவிடம் போனான்.

"யெவ்சேய் லொஸ்கூத்தவ். சீட்டுக் குடு."

ஃபைனா பட்டியலைப் பார்த்தாள். பிறகு கிளாஃபிராவைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "உங்களுது போட்டாச்சே."

"யாரு போட்டது?"

ஃபைனாவின் கண் மறுபடியும் கிளாஃபிராவிடம் போனது. அவன் மெதுவாகத் திரும்பினான். பேண்டுக்காரர்கள் அப்போது பார்த்து வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு எலுமிச்சைச் சாறு குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"கிளாஷா?"

"கை..." என்றாள். "கை தானா..."

"அடிச்சியா? அதையாவது அடிச்சியா?"

அவள் தலையை ஆட்டினாள். இல்லையென்று.

ரியாபினின் வேகமாக வந்தார், வாயெல்லாம் பல்லாக, பல்லுக்கிடையில் பேசினார். "யெவ்சேய், கண்ணு, இங்க வேணாம். பாக்கறாங்க. நம்ம வீட்டுச் சண்டையை அமெரிக்காக்காரன் படம் பிடிச்சு ஊர் ஊரா ஓட்டுவான். வேணாம்."

யெவ்சேய் அவரைப் பார்த்தான். கேமராவைப் பார்த்தான். என்ன நினைத்தானோ, சாசேஜ் வரிசையைத் தோளால் விலக்கிக்கொண்டு மூலைக்குப் போனான். திரையை விலக்கினான். உள்ளே போய் மூடிக்கொண்டான். கையில் சீட்டு இல்லை, ஒன்றுமில்லை. திரைக்குக் கீழே அவனுடைய பழைய பூட்சு இரண்டும் தெரிந்தன, அசையாமல். ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம் நின்றிருப்பான். வெளியே வந்தான். மிஸஸ் ஹாலிஸ்டர் படமெடுத்தாள். யாரையும் பார்க்காமல் வாசல் வழியாகப் போய்விட்டான்.

ஃபைனா பென்சிலை எடுத்துப் புள்ளி வைத்தாள்.

"ஃபைனா, எதுக்கு இன்னும் அதை வைக்கறே?" என்று கேட்டாள் கிளாஃபிரா. அவள் குரல் அவளுக்கே யாரோ குரல் மாதிரி இருந்தது.

ஃபைனா உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள். "நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லலையே?"

கப்பல் ஐந்து மணிக்கு. அதனால் மூன்று மணிக்கே பெட்டியைத் திறந்து தலைமையாசிரியர் அறையில் எண்ணினார்கள். ரியாபினின், ஜ்மாகின், ஃபைனா, கிளாஃபிரா. வந்த சீட்டு அறுநூற்று நாற்பது. கிளாஃபிரா பெயரை அடித்தவை பதினொன்று. ஜ்மாகின் பெயரை அடித்தவை முப்பத்து நாலு. மீதி ஐந்நூற்றுத் தொண்ணூற்றைந்து, மடித்தபடி, வெள்ளை வெளேரென்று.

ஜ்மாகின் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"ரெண்டு பேரும் இருக்கிற சீட்டு செல்லாதுதானே?" என்றாள் கிளாஃபிரா. "அப்ப முப்பத்து நாலு எனக்கு. பதினொண்ணு அவருக்கு."

ரியாபினின் தலைமையாசிரியர் தொலைபேசியில் மாகாணத் தலைமைக்குப் பேசினார். எழுந்து நின்றுகொண்டு பேசினார். "ஆமாங்க... இல்லைங்க... முப்பத்து நாலு... ஆமா, வெளிய நிக்கறாங்க... புரியுதுங்க." வைத்துவிட்டு உட்கார்ந்தார். கன்னக்குழி மறைந்து முகம் வயசாகிவிட்டது.

"அடிக்காத சீட்டெல்லாம் முதல் பேருக்குன்னுட்டாங்க. முதல் பேரு ஜ்மாகின்."

"அது எந்தச் சட்டம்?"

"கிளாஃபிரா திமோஃபேயெவ்னா, யோசிச்சுப் பாருங்க. அந்தம்மா வெளிய பேனாவைத் திறந்து வச்சுட்டு நிக்கறா. ரஷ்யாவுல முதல் தடவை சுதந்திரமா ஓட்டுப் போடச் சொன்னாங்க, அறுநூத்திச் சொச்சம் பேருல நாப்பத்தஞ்சு பேருக்குத்தான் போடத் தெரிஞ்சுதுன்னு எழுதுவா. உலகம் சிரிக்கும். அவங்க ராக்கெட்டைக் கொண்டுவந்து ஜெர்மனியில நட்டு வச்சுக்கிட்டு நம்மளைப் பாத்துச் சிரிப்பாங்க. உங்களுக்கு அது வேணுமா?"

"எனக்குக் குழாய் வேணும்."

"குழாய் வரும். நான் சொல்றேன். ஜெயிச்சாத்தான் வருமா? நீங்க கையெழுத்துப் போடுங்க, குழாய் மனுவை நானே எழுதறேன், இன்னிக்கே. ஆதாரம் மட்டும் வேணும். எண்கள் ஏதாவது இருக்கா உங்ககிட்ட?"

அவள் வாய் திறப்பதற்குள் ஜ்மாகின் வெள்ளைச் சீட்டுக் குவியலை விரலால் தட்டினார். இதமாகத்தான் சொன்னார். "உங்க சீட்டும் இதுலதானே இருக்கு அம்மா? உங்க வீட்டுக்காரர் சீட்டும். நானா போடச் சொன்னேன்?"

தன் கையாலேயே தனக்கு எதிராக இரண்டு ஓட்டுப் போட்டவள் எந்த முகத்தோடு சட்டம் பேசுவாள்? கையெழுத்துப் போட்டாள். மையால். பிறகு கைப்பையைத் திறந்து நோட்டை எடுத்து ரியாபினினிடம் கொடுத்தாள். அவர் புரட்டிப் பார்த்தார். ஒரு பக்கம், இன்னொரு பக்கம். முகம் மாறவில்லை. "ஒன்பது வருஷமா? பேஷ்" என்று உள் பையில் வைத்துக்கொண்டார்.

வாசலில் மிஸஸ் ஹாலிஸ்டர் பிடித்துக்கொண்டாள். இன்னா மொழிபெயர்த்தாள்: "தோத்துட்டீங்க, வருத்தமா இருக்கான்னு கேக்கறாங்க."

"எங்க குடிதண்ணில ஆலைக் கழிவு கலக்குதுன்னு சொல்லும்மா" என்றாள் கிளாஃபிரா. "குழந்தைங்க கையெல்லாம் வெடிக்குதுன்னு சொல்லு."

இன்னாவின் கண் ஒரு கணம் ரியாபினின் பக்கம் போய் வந்தது. ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள், சின்னதாக. அமெரிக்க அம்மாள் உருகிப்போய்க் கிளாஃபிராவின் கையைப் பற்றிக்கொண்டாள். அடுத்த கேள்வி கேட்டாள்.

"எங்க நாட்டு ராக்கெட்டைப் பாத்து உங்களுக்குப் பயமான்னு கேக்கறாங்க."

"நான் தண்ணியைச் சொன்னேனே, அதுக்கு என்ன சொன்னாங்க?"

"அழகான ஊருன்னாங்க" என்றாள் இன்னா, தரையைப் பார்த்துக்கொண்டு. அமெரிக்கர்கள் கூடையில் கொண்டுவந்திருந்த பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கப்பலேறினார்கள்.

ஆகஸ்டில் மூன்று விஷயம் நடந்தது. கீழ்த்தெருவில் திரைக்குள் போனவர்களில் இரண்டு பேருக்கு வீட்டு ஒதுக்கீடு வரிசையில் இடம் பின்னால் போனது. ஏனென்று கேட்டதற்குப் பட்டியலைத் திரும்ப எழுதினோம் என்றார்கள். யெவ்சேயைத் தெப்பத்திலிருந்தும் எடுத்துவிட்டு, குளிர்காலத்தில் படகு நிறுத்துகிற கொட்டகைக்குக் காவல்காரனாகப் போட்டார்கள். இந்தத் தடவை பேசக்கூட இல்லை அவன். சும்மா நின்றதற்கு.

மூன்றாவது, மாகாணத்திலிருந்து ஒரு விசாரணை அதிகாரி பரிசோதனைக் கூடத்துக்கு வந்தார். இளைஞர், மரியாதையாகப் பேசினார். மேசைமேல் இரண்டை வைத்தார். ஒன்று அவள் நோட்டு. இன்னொன்று அவள் கையெழுத்துப் போட்ட படிவக் கட்டு.

"இந்த நோட்டு உங்களுதுதானே?"

"ஆமா. குழாய் மனுவுக்குக் குடுத்தேன்."

"இதுல இருக்கிறது உண்மையான எண்ணு, இல்லையா?"

"ஆமா. சத்தியமா."

"அப்ப இதெல்லாம்" என்று படிவக் கட்டைத் தொட்டார், "ஒன்பது வருஷமா நீங்க பொய்யா எழுதினது. உங்க கையெழுத்து. புதுக் காலம் அம்மா. பழைய மாதிரி மறைக்கிறதையெல்லாம் இனிமே விட முடியாது."

அவர் கிண்டல் செய்யவில்லை. அதுதான் கொடுமை. அந்த மாவட்டத்தில் சீர்திருத்தம் வேலை செய்கிறது என்று காட்ட அவருக்கும் ஒரு பெயர் வேண்டியிருந்தது. கிளாஃபிராவுக்கு வேலை போனது. உள்ளே தள்ளாமல் விட்டதே பெரிது என்றார்கள். எண்ணைச் சொல்லி எழுதவைத்தவர் யார் என்று அந்த இளைஞர் கடைசிவரை கேட்கவேயில்லை. குழாய் இருந்த இடத்திலேயே இருந்தது.

செப்டம்பரில் மாஸ்கோப் பத்திரிகை ஒன்றில் படம் வந்தது. ரியாபினின் அலுவலகத்து அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்திருந்தார்கள் என்று கேள்விப்பட்டு யெவ்சேயே போய்ப் பிய்த்துக்கொண்டு வந்தான். மேசைமேல் போட்டான். அமெரிக்கப் பத்திரிகையிலிருந்து எடுத்துப் போட்டிருந்தார்கள். திரையை விலக்கிக்கொண்டு யெவ்சேய் வெளியே வருகிறான், இறுகின முகம், பொத்தான் போடமுடியாத பழுப்புக் கோட்டு. கீழே எழுதியிருந்தது: வாழ்க்கையில் முதல்முறையாக ரகசியமாகத் தேர்ந்தெடுத்துவிட்டு வெளிவரும் ரஷ்யத் தொழிலாளி. அதற்கும் கீழே மாஸ்கோக்காரன் சேர்த்திருந்தான்: நமது எதிராளிகளே ஒப்புக்கொள்கிறார்கள்.

"பாரு கிளாஷா. ரெண்டு பக்கமும் இவ்வளவு சந்தோஷமா இருந்து நான் பாத்ததே இல்ல" என்றான்.

அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்திருந்ததைக் கேட்டாள். "உள்ள அவ்வளவு நேரம் என்னய்யா பண்ணினே? கையில ஒண்ணுமில்லாம?"

"பென்சிலை எடுத்துப் பாத்தேன்."

"ம்?"

"சீவவே இல்ல. நூலைக் கட்டி வச்சிருக்கான், முனையே கிடையாது. அப்படியும் ஜ்மாகின் பேரை முப்பத்து நாலு பேரு அடிச்சிருக்காங்க பாரு. நகத்தாலதான் கீறியிருப்பாங்களோ, சொந்தப் பேனா கொண்டுவந்தாங்களோ."

கிளாஃபிரா எழுந்து கெண்டியைக் குழாயடியில் வைத்தாள். தண்ணீர் லேசாக மஞ்சளாக விழுந்தது. அவன் வழக்கம்போல வாயைத் திறந்தான், மையா பென்சிலா என்று கேட்க. கேட்காமல் மூடிக்கொண்டான். பரிசோதனைக் கூடத்தில் இப்போது ஒரு புதுப் பெண் இருந்தாள். நல்ல பெண். மையில் மட்டும் எழுதினாள்.

கெண்டி நிரம்பியது. அடுப்பில் வைத்தாள்.